திரை தம்பிக்கு, பிளாப்பி அண்ணனுக்கு

1

அரூர் பஸ்ஸில் கேட்ட சங்கதி இது. தர்மபுரியில் ஓர் அண்ணனும் தம்பியும் நிலத்தோடு சேர்த்துக் கம்ப்யூட்டர் புரோகிராமையும் பாகம் பிரித்தார்கள் என்றார் பக்கத்து சீட்டுக்காரர். வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தப் புரோகிராமை எழுதியது யார் என்று கேட்டேன். "அவங்க தங்கச்சிதாங்க. பொம்பளப் புள்ளைக்குப் பங்கு ஏதுங்க?" என்றார். சிரிப்பு செத்தது. அந்த எரிச்சலில் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகாத மலைகளுக்கு நடுவே தர்மபுரி' [அடித்துவிட்டேன். மலை என்ன பாவம் செய்தது?]

இரண்டாவது: 1988. டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேலே இரண்டு அறையில் ஞானராஜும் தம்பி சவரியும் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினார்கள். விற்கச் சரக்கு ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டரை எழுப்பி, திரையையும், தகவல் சேமிக்கிற பிளாப்பித் தட்டையும் கட்டி மேய்க்கிற ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழ் எழுத்து காட்டும். பாப்பாரப்பட்டி புளி மண்டிக் கணக்கு அதில்தான் ஓடியது. ஒற்றை ஆளாக அதை எழுதியவள் தங்கை தெரசா, பெங்களூரில் வேலை பார்த்துத் தொழில் கற்றுவந்தவள்.

(இதைப் படித்த நண்பர், "அந்தக் காலத்துல, அந்த ஊர்ல, ஒரு பொண்ணா? நம்பவே முடியல. ஆணா மாத்திடு" என்றார். சிஸ்டத்தை இரண்டாக வெட்டியதை மட்டும் நம்பினார், மகானுபாவர். மாற்ற மாட்டேன்.)

3

பிரிவினை முறைப்படிதான் நடந்தது. மூத்தவர் பங்கு வைக்க, இளையவர் எடுக்க வேண்டும். திரையைக் காட்டும் நிரல் ஒரு பங்கு, பிளாப்பியைப் படிக்கும் நிரல் மறுபங்கு என்று ஞானராஜ் வைத்தார். கண்ணுக்குத் தெரிவதுதான் லாபம் என்று சவரி திரையை எடுத்துக்கொண்டான். ஒன்றில்லாமல் மற்றது எழுந்தே நிற்காது என்று தெரசா தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டது? வெட்டித் தருகிற வேலையையும் அவள் தலையில்தான் கட்டினார்கள்.

அரூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் பச்சியப்பன் அவளிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார்: "முழு நிரலையும் குடுங்கம்மா. எங்க மெஷினுக்கு ஏத்தாப்புல மாத்திக்கறோம். மாத்துனத ஊருக்கே தர்றோம்."

அவள் அண்ணன்மாரிடம் போய் நின்றாள்.

"நெலத்தப் பிரிச்சீங்க. கெணத்தப் பிரிச்சீங்களாண்ணா? பொதுவுலதான வுட்டீங்க? இதையும் வுடுங்க."

"பொதுன்னா பங்காளிக்குப் பொது. போறவன் வர்றவனுக்கெல்லாமா?" என்றார் ஞானராஜ்.

"கெணறாவது கோடையில வத்தும். இது எத்தன பேரு எடுத்தாலும் கொறையாது."

"நாளைக்கு எவனாவது எடுத்து அவன் பேரப் போட்டு விப்பான், அப்பத் தெரியும்" என்றான் சவரி.

"இப்ப மட்டும் எம் பேரப் போட்டா விக்கறீங்க?"

வாசல் பலகையில் 'ஞானராஜ் பிரதர்ஸ்' என்றிருந்தது. இருவரும் சாயங்காலத்துக்குள் வெட்டி வைக்கச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள்.

4

தெரசா மெஷின் முன்னால் இருக்கிறாள். முழு நிரல் அவள் கையில் இருப்பது இன்றைக்கு மட்டும்தான்.

அ. வெட்டுகிறாள். சிஸ்டம் சாகிறது.

ஆ. முழுசையும் பச்சியப்பனுக்குக் கொடுக்கிறாள். சிஸ்டம் பிழைக்கிறது. அண்ணன்மார் வீட்டு வாசலை அவள் இனி மிதிக்க முடியாது.

இ. அண்ணன்மார் மனம் திருந்தி [சீ!]

எனக்கு 'ஆ'தான் வேண்டும். எழுதியும் பார்த்தேன்: 'தெரசா பிளாப்பியை உறையில் போட்டு அரூர் பஸ்ஸில்' என்று. அங்கேயே பேனா நின்றுவிட்டது. அவள் எழுதியதை என்ன செய்வதென்று அவளைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்தார்கள் என்பதுதானே என் ஆத்திரம்? நானும் அதையே செய்தால் அவளுக்கு மூன்றாவது அண்ணன் ஆகிவிட மாட்டேனா?

எழுதுவதை நிறுத்துகிறேன். வாசகரே, நீங்களும் அவளுக்கு யோசனை சொல்ல வராதீர்கள். எழுந்து வெளியே வாருங்கள், அவள் வேலை பார்க்கட்டும்.