ஒன்பதாவது நொடி

பிரவீனாவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு அணுமின் நிலையத்து அதிகாரிகள் வருகிறார்கள். விண்கலம் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்துகொள்ளும் அல்லவா, அந்தப் புரோகிராமை அணு உலையின் குளிர்நீர் பம்புகளுக்குப் பொருத்த மூன்று வருஷம் மாடாய் உழைத்திருந்தாள். பம்பு நின்றால் ஒன்பதாவது நொடியில் அதுவே ஓடவிடும். நானூறு சோதனையில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகென்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டு டீ குடிக்கக் கீழே இறங்கினாள்.

நாமக்கல்லில் ஆபீஸ் வைத்தால் பக்கத்தில் லாரிப் பட்டறை இல்லாமலா இருக்கும்? மெக்கானிக் பூபதி ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். அவசரக்கார டிரைவர் சாவியைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"சாவி எம்பட பாக்கெட்டுலதான் இருக்குதுங்க," என்றார் பூபதி அடியிலிருந்து. "நான் வெளிய வந்தாத்தான் வண்டி கிளம்புமுங்க."

பிரவீனா பாதி டீயைக் கீழே வைத்தாள். விண்கலத்துக்கு அடியில் எவன் படுத்திருக்கிறான்? அங்கே நின்றதெல்லாம் கோளாறுதான். இங்கேயோ பழுதுபார்க்க ஆளே பம்பை நிறுத்துவான். பாவி, நானூறு சோதனையில் ஒன்றிலாவது ஓர் ஆளை உள்ளே விட்டோமா? படியேறி ஓடினாள்.

ஒரு சோதனை விட்டுப்போச்சு என்று அவள் ஆரம்பித்ததுமே முதலாளி குணசீலன் வாசலிலேயே மறித்தார். "அவங்க வந்து உக்காந்தாச்சும்மா. அதை அப்பறம் சேத்துக்கலாம். இந்த ஆர்டர் போச்சுன்னா ஆபீஸையே மூடோணும். உன்ற வேலையும் போயிரும்."

போகட்டும் என்று சொல்லுமளவு அவள் தைரியசாலி அல்ல. ஆனாலும் உள்ளே போய், மேசைமேல் அந்தப் புரோகிராமில் ஓடிக்கொண்டிருந்த மாதிரிப் பம்பை எல்லோரும் பார்க்க நிறுத்தி மூடியைக் கழற்றிக் குணசீலனிடம் திரும்பினாள்.

"சார், பம்பை நிறுத்திட்டனுங்க. பழுது பாக்கோணும். கையை உள்ள உடுங்க."

குணசீலன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கை உள்ளே போய்விட்டால் தட்டிவிட அவள் தயாராக நின்றாள். பாதியில் அவர் முகம் மாறியது. புரோகிராமில் பாதி அவர் எழுதியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒன்பதாவது நொடியில் பம்பின் இறக்கைகள் விர்ரென்று சுழன்று தண்ணீரை அவர் சட்டையில் வாரியடித்தன.

குணசீலன் நனைந்த சட்டையோடு நின்றார்.

"நான் எழுதுனவன், கையை எடுத்துக்கிட்டேன்," என்றார் கடைசியில், அதிகாரிகளின் முகத்தைப் பார்க்காமல். "அங்க உள்ள போறவனுக்கு யாருங்க சொல்லுவா? எங்களுக்கு இன்னும் ஆறு மாசம் வேணுமுங்க."