கழுத்தில் ஒரு விலா

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் மொட்டை மாடிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னது. எலிக்குஞ்சுகளின் எலும்புகளை ஆராய்வது அவள் வேலை. எழுத ஒன்றும் கிடைக்காமல் இருந்த எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். தப்பா எழுதாதீங்க."

முதல் வரி இப்படி வந்தது: 'விலா எலும்பை உண்டாக்கும் மரபணுவைத் தேடி அவள்...' காட்டினேன். சிரித்துவிட்டாள். நுனிப்புல் மேய்ந்தவனுக்கு அது தேவைதான்.

"தலைகீழா இருக்கு சார். முதுகெலும்புல கோத்த மாதிரி பல எலும்பு இருக்கில்ல, விட்டா அதுல எல்லாமே விலா முளைக்கப் பாக்கும். 'நீ நெஞ்சு, வளரு. நீ இடுப்பு, சும்மா இரு'ன்னு சொல்றதுக்குத்தான் ஜீன். சும்மா இருன்னு சொல்ற ஜீனை எடுத்துட்டா, எலிக்கு இடுப்புலயும் விலா வந்துடும்."

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு காதலன் முளைக்கப் பார்த்தான். சும்மா இரு என்று சொல்லிவிட்டேன்.)

2

செத்த எலிக்குஞ்சைத் தோலுரித்து மருந்தில் ஊறவைப்பார்கள். சதை கண்ணாடி போலத் தெளிந்துவிடும். எலும்பு சிவப்பாகவும் குருத்தெலும்பு நீலமாகவும் சாயமேறி நிற்கும். அப்படி ஒரு குஞ்சு தட்டோடு லென்சுக்கு அடியில் கிடந்தபோதுதான் அவள் தங்கையின் போன் வந்தது. தங்கைக்கு அப்போது ஆறாம் மாதம். ஸ்கேன் படத்தை அனுப்பியிருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் கழுத்தில், கடைசி எலும்பின் இரண்டு பக்கமும் குட்டியாக விலா.

"அக்கா, டாக்டர் சின்ன விஷயம்னுதான் சொன்னாரு. ஆனா ரெண்டு தடவை சொன்னாரு. நீ தினம் இதைத்தானே பாக்குற? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."

அவள் கைகள் நடுங்கி...

[இல்லை. நடுங்கியிருந்தால் தட்டு கவிழ்ந்திருக்கும். நடுங்கவில்லை என்று அவளே சொன்னாள்.]

3

அக்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தக் குட்டி விலா தன்னளவில் ஒன்றும் செய்யாது. அது இருப்பதே தெரியாமல் கிழவராகிறவர்கள் உண்டு. ஆனால் பிறக்காமலே போன பிள்ளைகளிடம் அது அதிகம் காணப்படுகிறது. ஒவ்வொரு எலும்புக்கும் ஜீன் உத்தரவு போடுகிற அந்த ஆரம்ப நாட்களில்தான் உடம்பின் மற்ற வேலைகளும் நடக்கின்றன. இங்கே பிசகியது அங்கேயும் பிசகியிருக்கலாம், பிசகாமலும் இருக்கலாம். படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இதைப் போனில் ஒரு கர்ப்பிணியிடம் எப்படிச் சொல்வது?

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா, "ஒண்ணும் இல்லடி" என்கிறாள். தங்கை அன்று நன்றாகத் தூங்குகிறாள். இன்னொன்றில் எல்லாவற்றையும் சொல்லி அழவைக்கிறாள். பிள்ளை கொழுகொழுவென்று பிறக்கிறது. மூன்றாவதை எழுதிவிட்டு நானே இரண்டாம் முறை படிக்கவில்லை.

உண்மையில் என்னதான் சொன்னாள் என்று கேட்டுப் பார்த்தேன்.

"'எனக்கும் தெரியலடி, கிளம்பி வரேன்'னு சொன்னேன்."

அவ்வளவுதானா? கதைக்கு இது போதாதே என்று எனக்குப் பட்டது.

5

நேற்று யாரோ கதவைத் தட்டினார்கள். வாசலில் தங்கை. அக்கா போய் அழைத்து வந்துவிட்டாளாம், பிரசவம் வரை அக்கா வீட்டில்தான் இருக்கிறாளாம். இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என் பிள்ளையப் பத்தி எழுதுறது நீங்கதானே?"

"அது... கதைம்மா."

"தெரியும் சார். அக்கா சொன்னா. முடிவு என்ன வெச்சிருக்கீங்க?"

மூன்றும் மேசைமேல் கிடந்தன. 'ஒண்ணும் ஆகாதும்மா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. சொந்தக் கதையில் இப்படி மாட்டிக்கொள்வேன் என்று நான் நினைக்கவே இல்லை.

"தெரியலைம்மா," என்றேன்.



"அப்ப அப்படியே விட்டுருங்க. நான் பெத்துட்டு வந்து சொல்றேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று படியேறினாள்.

6

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இதுவரை படித்த உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். அது உங்களிடமே இருக்கட்டும். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.