பக்கவாட்டு ஆட்டம்

"14.6.2003, சனி. காற்றுக் குழாயில் எண்ணெய் கசிந்ததும், லாரி என்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துத் தேய்ந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னது தவறு. எண்ணெய் நிற்பதற்காகப் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். முன்னும் பின்னும் ஆடினால்தான் தேய்மானம். வியாழக்கிழமை மெக்கானிக் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. வெட்கப்பட்டு இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன்."

இதை எழுதி அறிவுச்செல்வன் நோட்டை மூடியபோது வாசலில் அவன் அப்பா இருசப்பனின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பின்கட்டில் மாமா பரசுராமன் அம்மா மணியம்மாளிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். "வண்டிய தள்ளிடலாம்க்கா. டர்போ போச்சுன்னு மாமாவே சொன்னாரு. பழைய இரும்புக்காரன் நாளைக்கே வரேன்றான்."

லாரியை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

"அறிவு! வண்டி வழிய அடைச்சிட்டு நிக்குது. நகர்த்துடா, பாடை போவணும்!" என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

பௌர்ணமி. மூன்று மணிக்கெல்லாம் கிரிவலக் கூட்டம் அடி அண்ணாமலைப் பாதையை அடைத்துவிடும். கொள்ளி வைக்கக் குளித்த ஈர வேட்டியோடு ஏறி, லாரியைப் பத்தடி நகர்த்தினான். டர்போ போயிருந்தால் வரும் நீலப் புகை வரவில்லை. உரசும் சத்தமும் இல்லை. ஆனால் அவன் காதை அவனே நம்பவில்லை. என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பறை நின்றது. "இன்னாடா பண்ற? பொணம் காத்திருக்குது!" என்று மாமா கத்தினார்.

"ரெண்டு நிமிஷம் மாமா. உடனே நிறுத்தினா டர்போவுல எண்ணெய் கருகிடும்."

பத்தடிக்கு அது தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்பா எத்தனை அடி ஓட்டினாலும் அப்படித்தான் நிறுத்துவார். தூக்க வந்தவர்கள் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.

அணைத்துவிட்டு இறங்கினான். "வண்டிய விக்க வேணாம் மாமா. டர்போ போவல. நாந்தான் தப்பா சொல்லிட்டேன். ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், அதான் குழாய்க்கு எண்ணெய இழுக்குது."

"அன்னைக்கி போச்சுன்ன, இன்னைக்கி போவலன்ற. சாயந்திர கிளாஸுல இதான் சொல்லித் தரானா?"

யாரோ சிரித்து அடக்கினார்கள். அவனுக்குக் காது சுட்டது.

அப்பாவோடு பத்து வருஷம் லோடு ஏற்றிய சடையன் பாடையின் முன்கழியை விட்டு நிமிர்ந்தார். "ஃபில்டர்தான். அண்ணனுக்கு அன்னைக்கே தெரியும். புதுசு வாங்கி சீட்டுக்குப் பின்னால வச்சிருக்காரு."

"அப்ப எங்கிட்ட ஏன் டர்போ போச்சுன்னாரு?" என்றார் மாமா.

"'எம் பையன் சொல்லிட்டான்'னு ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. நான் கேட்டதுக்கு, 'அவனே கண்டுபுடிப்பான், நீ வாய மூடு'ன்னாரு."

அறிவுச்செல்வன் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தான். பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது.

"வண்டி நிக்கட்டும்டா பரசு," என்றாள் வாசலுக்கு வந்திருந்த மணியம்மாள். பறை மறுபடி தொடங்கியது.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்து, வெளிச்சம் இருக்கும்போதே நோட்டைத் திறந்தான். காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினான்:

"நாளை: காலையில் சுடுகாட்டில் பால் தெளிப்பு. வந்ததும் ஃபில்டரை மாற்ற வேண்டும். காற்றுக் குழாயில் தேங்கிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, மறுபடி கசிகிறதா என்று பார்க்க வேண்டும்."