பத்து மணிக்கு ஏறாத அழுத்தம்

துறைமுகத்தில் எல்லோரும் அவரை ‘பாயின்ட்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கடலோர வானிலை நிலையத்தில் பதினாறு வருடமாக அளவெடுப்பவர். வெயில் எவ்வளவு என்று யாராவது பேச்சுக்குக் கேட்டால்கூட, முப்பத்தொன்று என்று சொல்லி நிறுத்த மாட்டார். முப்பத்தொன்று பாயின்ட் நாலு என்பார். கேட்டவர் சிரிப்பார். பாயின்ட்டுக்கு அப்புறம் வருவதை விட்டுவிட்டால் தன் வேலையில் மீதி என்ன இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

அன்றைக்குக் காலையில் அவர் மனம் அவ்வளவாகச் சரியில்லை. மனைவி பேசி நாலு நாள் ஆகியிருந்தது. வீட்டுப் பேச்சுதான் இல்லை; அலுவலகப் பேச்சு தாராளமாக நடந்தது. ஏனென்றால், நானூறு கிலோமீட்டர் தள்ளி நகரத்தில் இருந்த தலைமை வானிலை மையத்தில் முன்னறிவிப்பு எழுதும் அதிகாரி அவர் மனைவிதான். இவர் அளவெடுத்து அனுப்புவார். அதையும் இன்னும் நாற்பது நிலையங்களின் அளவையும் வைத்து அந்த அம்மாள் நாளைக்கு என்ன நடக்கும் என்று எழுதுவார். அலுவலகத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். ஆகவே கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அந்த லைனில் அவர் ‘மேடம்’, இவர் ‘ஸ்டேஷன்’.

சண்டைக்குக் காரணம் இடமாற்ற விண்ணப்பம். மகள் அம்மாவோடு நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் கட்டாயம் மாற்றல் கேட்கிறேன் என்று பாயின்ட் வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமையோடு கடைசி நாளும் போனது. படிவம் மேஜை இழுப்பறையில் அப்படியே கிடந்தது. ஏன் அனுப்பவில்லை என்று மனைவி கேட்டபோது, “வேலை அதிகம், மறந்துட்டேன்” என்றார். அரை டிகிரியை மறக்காத மனிதர் அதை மறந்தார் என்பதை அந்த அம்மாள் நம்பவில்லை. போனை வைத்தவர் வைத்தவர்தான்.

இதற்கு நடுவில் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, முந்தின நாள் சாயங்காலம் புயலாகவும் வலுத்துவிட்டது. அது வடமேற்காகப் போய், மறுநாள் காலையில் வடக்கே இருநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிக் கரையேறும் என்று கணினிகள் எல்லாம் ஒரே வாயாகச் சொல்லின. வடக்குக் கரையில் பள்ளிகளைத் திறந்து ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பாயின்ட் இருந்த ஊருக்கு லேசான மழை, ஓரளவு காற்று, அவ்வளவுதான் அறிவிப்பு.

காற்றழுத்தத்துக்கு இந்தப் பக்கத்துக் கடலோரங்களில் ஒரு பழக்கம் உண்டு. விடிந்ததிலிருந்து மெல்ல ஏறும். பத்து மணிக்கு உச்சிக்குப் போகும். பிறகு இறங்கி, சாயங்காலம் நாலு மணிக்கு அடியைத் தொடும். தூரத்தில் எங்கேயோ தாழ்வு மண்டலம் இருந்தால்கூட இந்த ஏற்ற இறக்கம் நிற்காது. மொத்த அளவு கொஞ்சம் குறையும், அவ்வளவே. பதினாறு வருடத்தில் பத்து மணிக்கு ஏறாத அழுத்தத்தை அவர் பார்த்தது இரண்டே முறை.

அன்று எட்டு மணிக்கு ஆயிரத்து நாலு பாயின்ட் இரண்டு மில்லிபார். ஒன்பது மணிக்கு ஆயிரத்து நாலு. சரி, காத்திருப்போம் என்று இருந்தார். பத்து மணிக்கு ஆயிரத்து மூன்று பாயின்ட் ஐந்து.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதேதான். அடுத்த அறையில் பூட்டியிருந்த மாற்றுக் கருவியைத் திறந்து பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. மாடிக்குப் போனார். காற்று வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதில் தப்பில்லை, புயல் கிழக்கே இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது வடக்கே ஏறிப் போகிறதென்றால், காற்று நேரமாக ஆக வடமேற்குக்குச் சாய வேண்டும். இங்கே காற்றுத் திசைகாட்டியின் முள் ஏழு மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடகிழக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காற்றை எதிர்நோக்கி நின்றால் புயலின் மையம் வலது கைப் பக்கம் இருக்கும்; அப்படி நின்று வலது கையை நீட்டினார். கை தென்கிழக்கைக் காட்டியது.

கீழே வந்து போனை எடுத்தார்.

“மேடம், ஸ்டேஷன் பேசுறேன். பத்து மணி அழுத்தம் ஏறல. இறங்கியிருக்கு.”

“எவ்வளவு?”

“ஒரு மணி நேரத்துல பாயின்ட் அஞ்சு. ரெண்டு கருவியும் பாத்துட்டேன். காத்தும் வடகிழக்குக்குத் திரும்புது. அது நீங்க போட்டிருக்கற இடத்துல இல்ல மேடம். இன்னும் தெற்கால இருக்கு, இங்கதான் வருது.”

“சாட்டிலைட் படத்துல மையம் தெரியல. மேல முழுக்க மேகம் மூடியிருக்கு. ராத்திரியிலேர்ந்து குத்துமதிப்பாத்தான் இடம் குறிக்கிறோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆனா எல்லாக் கணக்கும் வடக்கேதான் சொல்லுது,” என்றார்.

“கணக்கு நேத்திக்குப் போட்டது.”

“தெரியும். ஒரு ஸ்டேஷன் அழுத்தத்தை வச்சு அறிவிப்பை மாத்த முடியாது. அதுவும் உங்க ஸ்டேஷனை வச்சு. என் வீட்டுக்காரர் சொன்னார்னு மாத்தினதா ஆகிடும்.” குரல் தணிந்தது. “எனக்குப் பலூன் வேணும். உடனே.”

பாயின்ட்டுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சொன்னது நியாயம். வடக்கே நிலத்தின்மேல் ஓர் உயர் அழுத்தம் உட்கார்ந்திருந்தது. அது கலைந்து வழிவிடும், புயல் வடமேற்கே ஏறும் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். கலையாமல் நின்றிருந்தால், புயல் அதன் தெற்கு ஓரமாகவே மேற்கு நோக்கித் தள்ளப்படும். எது உண்மை என்பதை ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக் காற்றுதான் சொல்லும். அங்கே போய்க் கேட்டுவர பலூனைத் தவிர ஆளில்லை.

பலூனில் வாயு நிரப்பும் கொட்டகை நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. காற்று இல்லாத நாளில் ஒரே ஆள் விட்டுவிடலாம். அன்று இரண்டு பேர் வேண்டும். உதவியாளர் விடுப்பில் இருந்தார். நல்ல வேளையாக, துறைமுக அதிகாரி அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை.

“ஒரு மணிப் படகை விடலாமான்னு கேக்க வந்தேன், பாயின்ட். தீவுக்கு நூத்தெழுபது பேர் டிக்கெட் வாங்கியிருக்காங்க.”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி இதைப் பிடிங்க சார். செல்போனை ஜீப்லயே வச்சிட்டு வாங்க, உள்ள இருக்கறது ஹைட்ரஜன்.”

“நான் கேக்க வந்தேன்யா, பிடிக்க வரல,” என்றார் அதிகாரி. இருந்தாலும் போனை வைத்துவிட்டு வந்து பிடித்தார்.

ஆள் உயரத்துக்கு ஊதிய வெள்ளைப் பலூன். அதன் கீழே நீளமான நூல். நூல் நுனியில், போகும் வழியெல்லாம் காற்றையும் அழுத்தத்தையும் ஈரத்தையும் வானொலியில் சொல்லிக்கொண்டே போகும் சின்னப் பெட்டி. கதவைத் தாண்டியதும் காற்று பலூனைச் சப்பையாக அமுக்கியது. அதிகாரி ஒரு பக்கம் இழுபட்டார். பாயின்ட் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குள் பலூன் முள்வேலியில் மோதி வெடித்துவிட்டது.

அதிகாரி தன் கையைப் பார்த்தார். “என்மேல தப்பில்லையே?”

“இல்ல சார். இன்னொண்ணு இருக்கு.”

இரண்டாவது பலூனுக்கு வாயு நிரப்ப இருபது நிமிடம் ஆனது. இந்த முறை கொட்டகையின் பின்பக்கச் சுவர் மறைப்பிலிருந்து விட்டார்கள். பலூன் தரையோடு தரையாகச் சாய்ந்து, பெட்டி ஒருமுறை புல்லில் உரசி, பிறகு சட்டென்று எழும்பியது. சாம்பல் மேகத்துக்குள் போய் மறையும்வரை இரண்டு பேரும் அண்ணாந்து நின்றார்கள்.

உள்ளே திரையில் எண்கள் வரத் தொடங்கின. ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று. அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பாயின்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. விடியற்காலைப் பலூன் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு வேகம். காய்ந்த காற்று வேறு. உயர் அழுத்தம் கலையவில்லை, இன்னும் வலுத்திருந்தது.

பாயின்ட் போனை எடுப்பதற்கு முன்பே அது அடித்தது. எண்கள் அங்கேயும் போய்க்கொண்டிருந்தனவே.

“பாத்துட்டேன்,” என்றார் மனைவி. “கரையோரத்துல வேற ரெண்டு ஸ்டேஷனையும் கேட்டேன். உங்களுக்குத் தெற்கே இருக்கறதுலயும் இறங்குது. வடக்கே இருக்கறதுல ஏறியிருக்கு. மையத்தை எழுபது கிலோமீட்டர் தெற்கே நகத்துறேன்.”

“கரைக்கு எப்போ?”

“ஏழு மணிக்குள்ள. உங்களுக்குக் கொஞ்சம் தெற்கே.” பிறகு, “இயக்குநர்கிட்ட பேசிட்டு அறிவிப்பு விடணும். அரை மணி,” என்று வைத்துவிட்டார்.

அது அரை மணி இல்லை, ஐம்பது நிமிடம். பலூனுக்கு நடுவே எடுத்த பதினோரு மணி அளவுக்குக் கீழே பாயின்ட் பன்னிரண்டு மணி அளவை எழுதினார். ஆயிரத்து இரண்டு பாயின்ட் ஒன்று. ஆயிரம் பாயின்ட் நாலு. அதிகாரி மூன்றாவது தேநீரைக் குடித்தார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அறிவிப்பு வந்தது. வடக்குக்குக் கொடுத்த எச்சரிக்கையை எடுக்காமல், தெற்கே இந்த ஊர் தாண்டி நூறு கிலோமீட்டர் வரை நீட்டியிருந்தார்கள். தாழ்வான இடங்களில் இருப்பவர்களை நாலு மணிக்குள் அப்புறப்படுத்தச் சொல்லியிருந்தது. அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

படகை நிறுத்தியதற்குப் படகுத்துறையில் பெரிய ரகளை. வானம் மூட்டமாக இருந்ததே ஒழிய மழை இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கப் போக வேண்டும் என்று ஒரு பெண்மணி அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டு நகரவில்லை. “இந்தக் காத்துக்கா படகை நிறுத்துவாங்க? எங்க வீட்டு ஃபேன் இதைவிட வேகமா சுத்தும்” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அதிகாரி அந்தப் பெண்மணியை ஜீப்பில் ஏற்றி, ஆட்கள் தங்கத் திறந்துவிட்ட பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்குக் காற்றின் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. பாயின்ட் ஜன்னல்களை அடைத்துவிட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்தே முக்காலுக்கு மாடியில் திசைகாட்டி பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வேலிக் கம்பியில் கட்டிய துணியைப் பார்த்துத் திசை குறித்தார். பயமாக இருந்தது. ஆனால் கை ஓய்ந்திருந்தால் பயம் கூடும் என்பதால் எழுதிக்கொண்டே இருந்தார். ஆறு நாற்பதுக்கு அழுத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று பாயின்ட் எட்டு. காற்று கிழக்குக்குத் திரும்பியது. ஏழேகாலுக்குத் தென்கிழக்கு. அழுத்தம் ஏறத் தொடங்கியது.

“மையம் தாண்டிடுச்சு மேடம்,” என்றார்.

“ஆமா. நல்லா எடுத்தீங்க,” என்றார் மனைவி. பதிவாகும் லைன் அல்லவா, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உடனே வைக்கவும் இல்லை.

படகுத்துறையின் பாதி கடலுக்குள் போயிருந்தது. தீவுக்குப் போகும் படகு கட்டிய இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. கடலோரத் தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர். தெருவில்தான் யாரும் இல்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மூன்றாம் நாள் பேருந்து ஓடத் தொடங்கியதும் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். பாயின்ட் மாடியில் புதுத் திசைகாட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தார். மகள் நேராகப் போய்க் கடலைப் பார்க்க நின்றுவிட்டாள். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“இயக்குநர் என்ன சொன்னார்?” என்று மேலிருந்து கேட்டார் பாயின்ட்.

“உன் வீட்டுக்காரர் ஸ்டேஷன்மா, யோசிச்சுக்கோன்னார். பலூன் யாரோட சொந்தக்காரர் சார்னு கேட்டேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.”

பாயின்ட் சிரித்தார். கீழே இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

“படிவத்தை நான் மறக்கல,” என்றார்.

“தெரியும்.”

“அங்க வந்தா உங்க ஹால்ல உக்காத்தி வைப்பாங்க. ஜன்னலே கிடையாது. நாள் பூரா திரையைப் பாத்துட்டு இருக்கணும். வெளிய காத்து எந்தப் பக்கம்னே தெரியாது. எனக்கு அதை நினைச்சாலே மூச்சு முட்டுது. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

மனைவி அவரையே பார்த்தார். “இதுக்குத்தானா? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். பொண்டாட்டிக்குக் கீழ வேலை செய்யக் கூச்சம்னு நினைச்சேன்.”

“சேச்சே. நீ இப்பவும் எனக்கு மேலதானே இருக்கே.”

“எங்க ஊர் விமான நிலையத்துல மேல்காத்து நிலையம் இருக்கே, அது ஞாபகம் வரலையா? தினம் ரெண்டு பலூன் விடுறாங்க. அங்க அளவெடுக்கிறவர் மார்ச்ல ஓய்வு பெறுறார். வீட்டுலேர்ந்து ஒம்பது கிலோமீட்டர்.”

“அவர் ஓய்வு பெறுறது எனக்குத் தெரியாதே.”

“கேட்டாத்தானே தெரியும்.” அந்த அம்மாள் ஏணியிலிருந்து கையை எடுத்தார். “நாலு நாள் வாயை மூடிட்டு இருந்தீங்க. அப்புறம் அன்னிக்குச் சாயங்காலம் உங்க அளவு ஒரு தடவை பத்து நிமிஷம் லேட்டா வந்துச்சு. அந்தப் பத்து நிமிஷம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.”

துணியைக் கட்ட வெளியே போன பத்து நிமிடம் அது. பாயின்ட் அதைச் சொல்லவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி நாள் போனது போனதுதான். ஆனால் புயலில் தபால்கள் வழியில் நின்றுபோனதால், இந்தப் பக்கத்து ஊர்களுக்குத் துறை கடைசி நாளை இரண்டு வாரம் தள்ளி வைத்திருந்தது. மத்தியானம் மூவரும் நிலையத்தின் முன்னறையில் உட்கார்ந்து, நனைந்த பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே காயவைத்தார்கள். அவருடைய கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்று மகள் குறை சொன்னாள். நாலு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது பாயின்ட் படிவத்தை எழுதி முடித்து மனைவியிடம் நீட்டினார். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பாயின்ட்டின் பிறந்த தேதியில் ஒரு எண்ணைத் திருத்திக் கொடுத்தார்.