வலது கைப் பிரேக்

...பிறகு எதற்குக் கேட்டான், மழையில் நாற்பது பேர் நடுங்கிக்கொண்டு நிற்கிற சைக்கிள் பந்தயப் புறப்பாட்டுக் கோட்டில், மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு நேராக இவளிடம் வந்து, "நோரா, பிரேக் கைக்குச் சரியா இருக்காம்மா?" என்று. இருக்கு அண்ணா என்றாள். அண்ணா! வாய்க்கு வெட்கமே இல்லை, மனசுக்குள் ஒரு வருஷமாக வெறும் டென்சில்தான், அவன் இவன்தான். இப்போது அவன் முதுகு பத்தடி முன்னால் ஏறிக்கொண்டிருக்கிறது, மஞ்சள் ஜெர்சி முழுக்கச் செம்மண், அவன் பின்சக்கரம் வாரியிறைக்கிற சேறு இவள் பல்லில் நெறநெறக்கிறது, சந்தாபுராவைத் தாண்டிய இந்தத் தைலமரத் தோப்பில் காற்று பக்கவாட்டில் அடித்துச் சைக்கிளைத் தள்ளுகிறது, ஹெல்மெட் வார் தாடைத் தழும்பில் உரசி எரிகிறது... துப்பு, மூச்சு விடு, கியரை இறக்கு. நான்கில் முதல் சுற்று. ஏற்றம் முடிந்ததும் அந்த இறக்கம் வரும். போன வருஷம் இதே பந்தயத்தில், இதே சைக்கிளிலிருந்து அண்ணன் கிளெமென்ட் விழுந்து, பிறகு எழுந்திருக்காத இறக்கம்.

சைக்கிள் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மர்பி டவுன் வீட்டு வாசலில் நிறுத்தி வலது பிரேக் பிடியை அழுத்தினாள், முன்சக்கரம் நின்றது. முன்சக்கரம்! வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சைக்கிள் அது, முன் பிரேக் இடது கையில்தான் இருந்தது, கிளெமென்ட் அப்படியே ஓட்டிப் பழகியவன், இறக்கம் வந்தால் வலது கையை நம்பிப் பின்சக்கரத்தைப் பிடிப்பவன். பந்தயத்துக்கு முந்தின வாரம் சர்வீஸுக்கென்று டென்சிலின் சைக்கிள் கடையில் விட்டான், பந்தயத்தன்று காலையில் டென்சிலின் வேனில்தான் அது வந்து இறங்கியது, கிளெமென்ட் ஏறி உட்கார்ந்தான், போனான். ஏற்றத்தில் யார் பிரேக் பிடிக்கிறார்கள்? முதல் இறக்கத்தில், ஈரப் பாறையில், பழகிய கையை அழுத்தியிருக்கிறான்... கல்லறைத் தோட்டத்தில் டென்சில் பக்கத்தில் வந்து நின்று, "பிரேக்கை மாத்துனது நான்தான் நோரா" என்றான். ஏன் மாத்துனீங்க என்றதற்கு மண்ணைப் பார்த்தான். மறைக்க ஒன்றுமில்லாதவன் மண்ணையா பார்ப்பான்? வருஷா வருஷம் கிளெமென்ட் முதலாவது, இவன் இரண்டாவது. இப்போது மாதாமாதம் வீட்டுக்கு மீன் வாங்கி வருகிறான், அம்மா ஐரின் தங்கமான பிள்ளை என்கிறாள்... மனசில் குற்றம் இருக்கிறவன்தான் மீன் வாங்கி வருவான். இன்று முடிவுக் கோட்டில் அம்மா குடையோடு நிற்பாள், கிளப் ஆட்கள் எல்லாரும் நிற்பார்கள். அங்கே கேட்டுவிடுவது. என் அண்ணன்கிட்ட சொல்லாம ஏன் மாத்துனீங்க? இந்த ஒரே வரிக்காகத்தான் மூன்று மாதம் விடிகாலையில் எழுந்து மிதித்துப் பழகினாள், மெடலுக்காகவா?

"நோரா, ஓட்டு, இல்லாட்டி தள்ளிக்கிட்டாவது போ குரு, பின்னாடி டிராஃபிக் ஜாம்!" தொம்மலூர் உமேஷ் கத்துகிறான், இவனுக்கு எந்த இடத்தில் சிரிப்பது என்றே தெரியாது... மேடு முடிந்துவிட்டது. சிவப்புக் கொடிக்காரர் "நிதானா, நிதானா" என்று கையை அசைக்கிறார். டென்சில் திரும்பிப் பார்த்து, "பாறை வழுக்குது, பாத்து வாம்மா!" என்று கூவிவிட்டு இறங்குகிறான். யாருக்கு இந்த நல்லபிள்ளை வேஷம்? இறங்கு, பின்னால் சாய்ந்து உட்கார், இடது கை மெல்ல, இன்னும் மெல்ல, பின்சக்கரம் சேற்றில் இழுபட்டு அடங்குகிறது, வலது கை தொட்டும் தொடாமலும், பாறை போயிற்று, வேர் போயிற்று, அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா? யோசிக்கவே இல்லையே, கை தானாகச் செய்தது, தினமும் ஓட்டுகிற ஸ்கூட்டரில் இடது கையால் பின்சக்கரத்தைப் பிடிப்பதைப் போலவே... இந்தச் சைக்கிள் என் கைக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கிறது. யார் அளவெடுத்தது?

தாடை எரிகிறது. அந்தத் தழும்பு... போன வருஷம், பந்தயத்துக்கு முன்னால், அல்சூர் ஏரி ரோடு, அண்ணனிடம் கேட்காமல் எடுத்துப்போன சைக்கிள், குறுக்கே ஒரு நாய், ஸ்கூட்டர் பழக்கத்தில் இடது கையை அழுத்தினாள், முன்சக்கரம் நின்று தாடை தார் ரோட்டில். கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டு நேரே டென்சில் கடைக்கு. "அண்ணா, இதுல எல்லாம் உல்டாவா இருக்கு, ஸ்கூட்டர் மாதிரி மாத்திக் குடுங்க, இல்லன்னா என் பல்லு போயிடும்." அவன் சிரித்தான். "பல்லு போனா மாப்பிள்ளை சிக்கமாட்டானே. சரி, சர்வீஸுக்கு வர்றப்ப மாத்திடறேன்." கர்த்தரே. இது எங்கே இருந்தது ஒரு வருஷமாக? கல்லறைத் தோட்டத்தில் அவன் மண்ணைப் பார்த்தானே, அது... யாருக்காகப் பார்த்தான்?

கீழே ஓடையில் டென்சில் சைக்கிளைக் கவிழ்த்துச் சங்கிலியில் சிக்கிய சேற்றை விரலால் தோண்டிக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்து முதலில் அவளுடைய இரண்டு கைகளைத்தான் பார்க்கிறான், பிறகுதான் முகத்தை. அவள் நிற்கவில்லை, தண்ணீரில் இறங்கி ஏறுகிறாள். இன்னும் மூன்று சுற்று, மூன்று தரம் அந்த இறக்கம், அதற்குப் பிறகு கோடு, குடை, அம்மா. அந்தக் கடையில் அன்றைக்கும் மழை, தார்ப்பாயில் சடசடவென்று கொட்டியது, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் சொன்னார், நிச்சயமாகச் சொன்னார், "கிளெமென்ட்கிட்ட நான் சொல்லிடறேன்." வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக ஞாபகம் வருகிறது... குரல் மட்டும் அவனுடையதா, தன்னுடையதா என்று பிடிபடவில்லை.