பின்வாசல் பிள்ளையார்

பிள்ளையாரின் விலை இரண்டாயிரத்து நானூறு ரூபாய். வேலப்பன்சாவடியில் சிலை விற்கிறவர் மூவாயிரத்து ஐந்நூறில்தான் ஆரம்பித்தார். இறக்கியது யுவராணி. கடவுளிடம் பேரம் பேசினால் பாவம், கடவுளை விற்கிறவரிடம் பேசாவிட்டால் அதைவிடப் பாவம் என்பது அவள் கட்சி. பூந்தமல்லி மார்க்கெட்டில் கீரை விற்ற அம்மாவுக்குப் பிறந்தவள், வேறெப்படி இருப்பாள்?

"இன்னா அண்ணாத்தே, தும்பிக்கை கோணிக்கினு கீது?"

"தும்பிக்கைன்னா கோணலாத்தாம்மா இருக்கும்" என்று அவர் வாதாடி முடிப்பதற்குள் ஆயிரத்து நூறு இறங்கியிருந்தது.

பக்கத்தில் பர்ஸோடு நின்ற புரொடக்‌ஷன் மேனேஜர் தங்கராஜுக்கு வாயெல்லாம் பல். யுவராணி பக்கத்து நூம்பல்காரி, கடைக்காரர் தெரிந்தவர் என்று அவர்தான் கூட்டி வந்திருந்தார். சாமி எங்கே உட்காரப் போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

யுவராணி வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், பஸ், வேன் சீட்டுகளுக்குக் குஷன் செய்கிற கம்பெனியில். முன்னால் ஒரு ஷட்டர். பின்னால் உள்பக்கமாகத் திறக்கிற ஓர் இரும்புக் கதவு. பீடிக்கும் டீக்கும் ஆட்கள் அந்த வழியாக நழுவுகிறார்கள் என்று பூட்டுப் போட்டார்கள். பூட்டு காணாமல் போனது. பெரிய பூட்டாகப் போட்டார்கள்; அதுவும் போனது. மூன்றாவது பூட்டுதான் பிள்ளையார். கதவை ஒட்டி உள்பக்கம் செங்கல் மேடை, அதற்கு வெள்ளை டைல்ஸ், மேலே சாமி. அதற்குப் பிறகு ஒரு பயலும் நழுவவில்லை.

கதவுக்கு மேலே 'அவசர வழி' என்று பச்சைப் பலகை ஒன்று உண்டு. அதில் வரைந்திருந்த ஆள் பிள்ளையார் தலைக்கு மேலே பாவம் ஓடிக்கொண்டே இருந்தான். ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆடிட்டுக்கு வந்தவர் பலகையைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், ஷூவைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கரணம் போட்டு விபூதி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யுவராணி மட்டும் ஒருநாள் கேட்டாள். "சார், தீ கீ புடிச்சா எப்டி சார் வெளிய போறது?"

"பிள்ளையார் பாத்துக்குவார்மா" என்றார் தங்கராஜ்.

"வாயக் கழுவுடி" என்றாள் நாகவல்லி. தையல் பிரிவில் மூத்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிக்கு மாலை போடுகிறவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் திரும்பி உட்கார்ந்த நேரம். ஷட்டர் பக்கம் பசை அடிக்கிற இடத்தில் பக்கென்று பிடித்தது. ஃபோம் எரிந்தால் தீக்கு முன்னால் புகை ஆளைத் தேடி வரும். கரேலென்று வந்தது. ஷட்டர் பக்கம் போக வழியில்லை. மொத்த ஷிப்டும் பின்னால் ஓடியது. ஓடி வந்த வேகத்தில் பிள்ளையாருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் யுவராணிக்கு நம்ப முடியாதது அந்த ஒன்றுதான். பின்னால் நெருப்பு, முன்னால் கதவு. ஒருவருக்கும் மேடைமேல் கால் வைக்க மனசு வரவில்லை.

"செருப்புக் காலோட கிட்ட வராதீங்க!" நாகவல்லி இரண்டு கையையும் விரித்து மறித்தாள். இருமலுக்கு நடுவே அழுகையும் வந்தது அவளுக்கு. பக்கத்தில் தையல் பிரிவு ரேணுகா, புகை தாங்காமல் சுவரோடு சரிந்தாள்.

யுவராணி செருப்பை உதறினாள். நாகவல்லியின் கைக்கு அடியில் குனிந்து போய்ச் சாமியை இரண்டு கையாலும் தூக்கினாள். நல்ல கனம்.

"நீயும் எங்கள மாதிரிதான் நைனா. ஒனக்குப் பி.எஃப். கூட கெடையாது. வா, மொதல்ல நீ போ." சொல்லிவிட்டு நாகவல்லியின் மார்போடு அணைத்துக் கொடுத்தாள். "அக்கா, சாமிய நீ காப்பாத்து. மத்தத நாங்க பாத்துக்கறோம். டில்லி! இன்னாடா பாத்துகினு கீறே? இடி!"

மெஷின் ஆபரேட்டர் டில்லிபாபு சரக்கு இழுக்கிற இரும்பு வண்டியை ஓட்டி வந்து மேடையில் மோதினான். டைல்ஸ் சிதறியது. இன்னொரு மோதலில் செங்கல் சரிந்தது. கதவை இழுத்தார்கள். பிள்ளையாரைக் கட்டிப்பிடித்தபடி நாகவல்லி முதலில் வெளியேறினாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும். ரேணுகாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசிக்கு முன் ஆளாக, ஒரு காலில் மட்டும் ஷூவோடு, எச்.ஆர். விக்ரம். கடைசியாக யுவராணி.

தீயணைப்பு வண்டி வந்தது; பசை அடிக்கிற இடத்தோடு தீ நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ரேணுகா மட்டும் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனோடு.

மறுநாள் காலை பின்வாசலில் புதுச் செங்கல் இறங்கியிருந்தது. மேஸ்திரி சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். கேட்டில் தங்கராஜ். பக்கத்தில் விக்ரம், கையில் யுவராணி பெயருக்கு ஒரு லெட்டர்: கம்பெனி சொத்தைச் சேதப்படுத்தியது, சாமியை அவமதித்தது, சம்பளத்தில் பிடித்தம், வேலையை விட்டு ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம்.

"சிலை எங்கம்மா? பத்தரைக்கு நல்ல நேரம். மறுபடி வெச்சிரலாம்" என்றார் தங்கராஜ்.

சிலை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், டீக்கடையை ஒட்டிய பூவரச மரத்தடியில், அருகம்புல் மாலையோடு காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மொத்த ஷிப்டும் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை. லோடு ஏற்ற வந்த லாரி ஹார்ன் அடித்தபடி நின்றது.

"அவரு உள்ள வரமாட்டாரு சார்" என்றாள் யுவராணி.

"அது கம்பெனி சொத்து. பில் இருக்கு."

"அந்தப் பில்ல கொறச்சதே நான்தான. இன்னா வெல? நாங்க வாங்கிக்கறோம். ஆயிரம்."

"ரெண்டாயிரத்து நானூறு போட்டு வாங்கினதும்மா!"

"அது புதுசு. இது பொக குடிச்ச சாமி. காதுல கீறல் வேற. பாருங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தங்கராஜுக்குக் காது சிவந்தது. "வெச்சுக்க. நான் வேற வாங்கிக்கிறேன்."

"வாங்குங்க சார். அவரையும் நாங்களே வாங்கிக்குவோம். மரத்தடில எடம் நெறைய கீது."

தங்கராஜ் கடைசித் துருப்பாக நாகவல்லி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பக்தியுள்ளவ. சாமிய வெச்ச எடத்துலருந்து எடுக்கலாமா?"

நாகவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "நேத்து அவரு என் மாருலதான் சார் இருந்தாரு. எனக்கு முன்னாடி அவரு வெளிய வந்தாரு. அவருக்கே அந்த எடம் புடிக்கல, ஒனக்கு இன்னா?"

லாரி மறுபடி ஹார்ன் அடித்தது. யுவராணி விக்ரம் பக்கம் திரும்பினாள். தென்காசிப் பக்கத்துப் பையன். காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட், இ.எம்.ஐ. அவன் பயம் அவளுக்குத் தெரியாததல்ல.

"நேத்து எந்த வழியா சார் வந்தீங்க?"

விக்ரம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமினான். நேற்றைய புகை இன்னும் உள்ளே இருந்தது. பிறகு லெட்டரைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தில் சிலைக்கு ரசீது எழுதத் தொடங்கினான்.

"எவ்வளவுன்னு போடட்டும்?"

"விக்ரம்!" என்றார் தங்கராஜ்.

"சார், எனக்கும் அந்தக் கதவு வேணும் சார்."

"ஆயிரத்து எரநூறு" என்றாள் யுவராணி. "அதோட இன்னொண்ணும் எழுதுங்க. அந்தக் கதவு முன்னாடி பூட்டு, செங்கல், சாமி எதுவும் வராது. மேஸ்திரிய சும்மா அனுப்பாதீங்க. கதவ வெளிப்பக்கமா தொறக்கற மாதிரி மாத்தச் சொல்லுங்க. அது முடிஞ்சப்பறம் நாங்க உள்ள வரோம்."

விக்ரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான். தங்கராஜ் லாரியைப் பார்த்தார், மேஸ்திரியைக் கதவுப் பக்கம் அனுப்பினார். சாயங்காலம் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. யுவராணி நாலு தரம் திறந்து மூடிப் பார்த்தாள்.

அன்றைய கணக்கு இது. பிள்ளையார் வகையில் ஆயிரத்து இருநூறு, கொடுத்தாயிற்று. மேஸ்திரிக்கு முழு நாள் கூலி, கம்பெனி கொடுத்தது; அரை நாள்தானே என்று தங்கராஜ் இழுத்ததை யுவராணி ஒப்புக்கொள்ளவில்லை. புகைக்குள் நாகவல்லி வேண்டிக்கொண்ட தேங்காய் பதினொன்று, மரத்தடியில் உடைத்தாயிற்று. ரேணுகாவின் ஆஸ்பத்திரி பில் ஒன்பதாயிரத்து அறுநூறு, கம்பெனி பாக்கி. அதில் மட்டும் பேரம் கிடையாது.