வலது பக்கத்து ஸ்பீக்கர்

தேவேந்திரனின் அம்பாசிடரில் டேப் இருந்தது. ஆனால் இடது பக்கம் மட்டும்தான் பாடும். வலது பக்கத்து ஒயரை எலி கடித்ததா, ஸ்பீக்கரே போய்விட்டதா என்று அவன் பார்த்ததில்லை. திருப்பதி ஸ்டேஷனிலிருந்து காணிப்பாக்கம், காளஹஸ்தி என்று யாத்திரிகர்களை ஏற்றிப் போகிற வண்டிக்கு ஒரு பக்கம் பாடினால் போதும் என்று ஆறு வருஷம் ஓட்டிவிட்டான்.

தொண்ணூற்றேழில் அது போதாமல் போனது. ஸ்டேஷன் வாசலில் புதுப்புது சுமோக்கள் வரிசையில் நின்றன. மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள், ஏறுவதற்கு முன்பே பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இவன் டேப்பைப் போட்டால், கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அந்த மாசி மாதம் அவனுடைய அண்ணன் நாகையா குவைத்திலிருந்து லீவில் வந்தான். அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவர் வேலை. வந்த மூன்றாம் நாள், நாராயணவனத்தில் தான் கட்டியிருந்த புது வீட்டுக்குத் தம்பியைக் கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தான். உள்ளே கார் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், முட்டை வடிவத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள்.

"ஜப்பான் செட்டுரா. போட்டுப் பாரு, சுமோக்காரனெல்லாம் உன் வண்டிகிட்ட வந்து நிப்பான்," என்றான்.

தேவேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த ஊரான வெதுருகுப்பத்தில் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. அப்பா கூலி வேலைக்குப் போய்த்தான் இருவரையும் வளர்த்தார். அவர் செத்தபிறகு தம்பியை லாரியில் கிளீனராகச் சேர்த்துவிட்டதும், ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நாகையாதான். ஒன்றரை வருஷத்துக்கு முன் தேவேந்திரனின் மனைவி கலைவாணியைக் குவைத்துக்கு அழைத்துப் போய், தன் முதலாளியின் தங்கை வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவன்தான். "பக்கத்துத் தெருவுலயே நான் இருக்கேன். என் கண்ணு முன்னால இருப்பா," என்று அன்றைக்குச் சொன்னான். அண்ணன் சொன்னபிறகு தேவேந்திரன் வேறெதுவும் யோசிக்கவில்லை.

கலைவாணிக்கு எழுதத் தெரியாது. அந்த வீட்டில் போனில் பேச விடமாட்டார்கள் என்று நாகையா சொல்லியிருந்தான். போன ஆடி மாதம், ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் அவள் ஒரு கேசட் கொடுத்தனுப்பினாள். வீட்டில் டேப் கிடையாது. அதனால் தேவேந்திரனும் ஒன்பது வயது மகள் ருக்மணியும் வண்டியில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டார்கள். நல்லா இருக்கேன் என்றாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றாள். கடைசியில், தினம் கத்திரிக்காய்க் குழம்பு தின்கிறேன் என்றாள். ஒரு வரி சொல்வாள், நிறுத்துவாள், அடுத்த வரி சொல்வாள். கருவி முன்னால் பேச வெட்கப்படுகிறாள் என்று தேவேந்திரன் நினைத்துச் சிரித்துக்கொண்டான். சவாரியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதெல்லாம் அதைப் போட்டுக்கொள்வான். ருக்மணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையோடு முன் சீட்டில் ஏறி, "அம்மாவைப் போடு நைனா," என்பாள்.

ஸ்டீரியோவை மாட்டிக்கொடுத்தவன் சிட்டிபாபு. தேவேந்திரனோடு ஒரே லாரியில் கிளீனராக இருந்தவன். இப்போது ரேணிகுண்டா ரோட்டில் கார்களுக்கு ஒயரிங் செய்கிற ஷெட் வைத்திருந்தான். காலையில் ஆரம்பித்து, பின் சீட்டுக்கு மேலிருக்கும் பலகையை அறுத்து இரண்டு ஸ்பீக்கரையும் பதித்து, டிக்கியில் ஆம்ப்ளிஃபையரை வைத்து, பழைய ஒயர்களை எல்லாம் உருவிப் போட்டுப் புதிதாக இழுத்தான். முடிக்கும்போது பன்னிரண்டு மணி. முதலில் ஒரு பக்திப் பாட்டைப் போட்டார்கள். வண்டிக்குள்ளே நாதஸ்வரக்காரர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"பாக உந்தி, நல்லா இருக்குது," என்றான் சிட்டிபாபு. "இன்னொரு கேசட் போடு. பேச்சு எப்பிடி கேக்குதுன்னு பாக்கணும்."

தேவேந்திரன் டேஷ்போர்டிலிருந்து கலைவாணியின் கேசட்டை எடுத்துப் போட்டான்.

இடது பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. "நான் நல்லா இருக்கேன்." வழக்கமாக அவள் நிறுத்துகிற இடம் வந்தது. அந்த இடத்தில் வலது பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னது: "சாப்பாட்டுக்குக் கொற இல்லன்னு சொல்லு."

"சாப்பாட்டுக்குக் கொற இல்ல," என்றாள் கலைவாணி.

சிட்டிபாபு கையிலிருந்த ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தான்.

"அழுவாத. அழுதா மறுபடியும் மொதல்லேர்ந்து எடுக்கணும். ம், வூட்டுக்காரம்மா நல்லவங்கன்னு சொல்லு."

"இந்த வூட்டுக்காரம்மா ரொம்ப நல்லவங்க."

"கையைப் பத்திப் பேசாத. இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரேன்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். முதல் ஒரு நிமிஷம், யாரோ ஓர் ஆண் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது மட்டும்தான் தேவேந்திரனின் நெஞ்சில் நின்றது. அதன்பிறகுதான் அது யாருடைய குரல் என்று விளங்கியது. ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த குரல்.

"ரெண்டு மைக்கு இருக்கிற டேப்ல எடுத்துக்கிறாங்க," என்று சிட்டிபாபு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அந்தப் பக்கம் பேசினது உன் பழைய செட்ல கேட்டிருக்காது. உனக்கு யாருன்னு தெரியுதா?"

தேவேந்திரன் வண்டியை எடுத்தான்.

நாராயணவனம் போய்ச் சேரும்போது நாகையா சாப்பிட்டுவிட்டுப் புது வீட்டு வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான்.

"மாட்டிட்டியா? எப்பிடி இருக்குது?"

"ஒக்காந்து கேளுணா," என்றான் தேவேந்திரன்.

நாகையா முன் சீட்டில் உட்கார்ந்தான். தன் குரல் வந்ததும் கையை நீட்டி நிறுத்தப் பார்த்தான். தேவேந்திரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கேசட் முடிந்தபிறகுதான் விட்டான்.

"அவ வந்த நாலாம் மாசமே ஊருக்குப் போறேன்னு அழுதாடா," என்றான் நாகையா. "நான்தான் பொறுப்புன்னு கையெழுத்து போட்டுக்கிறேன். அவ பாதியில போனா எங்க மொதலாளி என்னை அனுப்பிடுவாரு. இந்த வூட்டை இன்னும் பூசக்கூட இல்ல. உன் பொண்ணு படிப்புக்கும்தான்."

"கைக்கு இன்னா?"

"எண்ணெ கொட்டிக்கிச்சி. ஆறிப்போச்சி."

"எந்தக் கை?"

நாகையா யோசித்தான். "வலது கைன்னு நெனைக்கிறேன்," என்றான்.

அண்ணனை அடிக்க வேண்டும் என்று தேவேந்திரனுக்குத் தோன்றவில்லை. "எறங்கு," என்றான். நாகையா இறங்கினான். வண்டியைத் திருப்பும்போது அண்ணி லட்சுமம்மா வெளியே ஓடிவந்தாள். வராண்டாவிலிருந்து எல்லாமே கேட்டிருக்க வேண்டும். அவள் கிழித்துக்கொண்டு வந்த காலண்டர் தாளின் பின்னால் குவைத் நம்பர் ஒன்று எழுதியிருந்தது. "எனக்கு இது தெரியாது தேவேந்திரா. அந்த வூட்டு நம்பரு இது. அவரு டைரியில இருந்துச்சி," என்று ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவள் கணவன் பார்த்துக்கொண்டே நின்றான், தடுக்கவில்லை.

இரண்டு நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டான். எடுத்தவர்கள் அரபியில் எதையோ சொல்லி வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு குழந்தை எடுத்தது. "கலைவாணி, கலைவாணி," என்று இவன் சொல்லிக்கொண்டே இருந்தான். குழந்தை கூப்பிட்டிருக்க வேண்டும்.

"யாரு?"

"நான்தான். கைக்கு இன்னா கலை?"



"மாமா சொன்னாரா?"

"இல்ல. கேசட்ல கேட்டுச்சி."

"இப்பதான் கேட்டுச்சா?" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

நாகையா லீவு முடிந்து போய்விட்டான். தேவேந்திரன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சவாரியை விட்டுவிட்டுச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனான். கலைவாணியைத் திரும்ப அழைத்துவரச் சொல்லி மனு கொடுத்தான். மனைவி நன்றாக இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நான்காவது வாரம், யதுகிரி என்ற அதிகாரியின் மேஜை முன்னால் நின்று, ஐந்து நிமிஷம் கீழே என் வண்டிக்கு வந்து கேளுங்கள் என்று தெலுங்கில் கெஞ்சினான். திருப்பதி ஐயங்கார் வீட்டு அம்மாள். கண்டிப்பானவள் என்று பெயர். என்ன நினைத்தாளோ, எழுந்து வந்தாள். பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டாள். மறுபடியும் போடச் சொல்லி இரண்டாம் தடவையும் கேட்டாள். மேலே போய், சொல்லுக்குச் சொல் டைப் அடிக்கச் செய்து, இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஆயிற்று. ஐப்பசியில் ஒரு காலை மீனம்பாக்கத்தில் கலைவாணி வந்து இறங்கினாள். ஒரே ஒரு பை. இடது கையில் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தோல் சுருங்கி இழுத்திருந்தது. கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ருக்மணி அந்தக் கையையே பார்த்தாள். அப்புறம் அதையே பிடித்துக்கொண்டாள்.

வண்டியில் திரும்பும்போது புத்தூர் தாண்டும்வரை தேவேந்திரன்தான் பேசிக்கொண்டு வந்தான். ஸ்டீரியோ மாட்டியது, குரல் கேட்டது, சித்தூருக்கு அலைந்தது எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்த கேசட்டை எத்தினி வாட்டி கேட்ட?" என்று அவள் பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

"தெனம் கேட்டேன்."

"கடைசில ஒன்னு சொன்னேனே. தெனம் கத்திரிக்கா கொழம்பு துன்றேன்னு."

"ஆமா, சொன்ன."

"அது மாமா சொல்லிக்குடுத்தது இல்ல. நானா சொன்னது. எனக்குக் கத்திரிக்கா துன்னா ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும்னு அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ புரிஞ்சிக்குவன்னுதான் சொன்னேன்."

தேவேந்திரன் வண்டியை ஓரம் கட்டினான். அந்த வரியை அவன் நூறு தடவையாவது கேட்டிருப்பான். அங்கே போய்ப் பழகிக்கொண்டாள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டது கூட ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு கலைவாணி சமைத்தாள், மகளுக்குத் தலை வாரினாள், அவனுக்கும் சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒரு பேச்சும் எடுப்பதில்லை.

நாகையா பயந்தது நடந்துவிட்டது. தை மாதம் அவனுடைய முதலாளி கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார். வந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் லட்சுமம்மாவோடு திருப்பதி வீட்டுக்கு வந்து, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றான். தேவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கலைவாணிதான் பாயை விரித்து, "வாங்க மாமா, ஒக்காருங்க," என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். நாகையா அவள் கையைப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டான். "தப்பு பண்ணிட்டேம்மா," என்றான். அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

"அவனை எதுக்கு உள்ள கூப்ட்ட?" என்றான் தேவேந்திரன். "ஒன் வாயால பொய் சொல்ல வெச்சவன் அவன். அவன் டீ குடிக்கிறதுக்கு நீ அடுப்பு பத்த வெக்கிறியா?"

கலைவாணி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பயந்துக்கினு பண்ணாரு," என்றாள். "தெனம் கேட்டும் நீ புரிஞ்சிக்கல. உனக்கு இன்னா பயம்?"

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே ருக்மணி மறுநாள் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தேவேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனான். எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பக் கழற்றினான்.